தேறலும் திறவாப் புட்டியும்

புறநானூற்றில் கள்ளைக் கூறும் பாட்டு வரின் வகுப்பில் ஆசிரியர் சற்றே தயங்குவதுண்டு. பேராக் மாநிலத்தில் இத்தயக்கம் இயல்பே. லகாட் முதலான ஈப்போ வட்டாரத்து ஊர்களில் வாழும் தோட்டக் குடும்பத்தின் வழியினர்க்குக் கள் என்றவுடன் நினைவில் எழுவது அதியமான் அவையன்று. கூலியைக் கரைத்த தோட்டத்துக் கள்ளுக்கடை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. பழம்பாட்டைக் காட்டி அக்கேட்டை மறைத்தல் தகாது.

ஆயினும் அப்பாட்டுகள் மதுவை எதற்காகப் பாடின என்னும் வினா எஞ்சுகிறது. அதனை விளக்க மேனாட்டுச் செய்தியொன்று உதவும்.

1985ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இலண்டன் கிறிஸ்டி ஏல நிலையத்தில் ஒரு மதுப்புட்டி 105,000 பவுனுக்கு விலைபோயிற்று. 1787ஆம் ஆண்டின் லஃபீத் திராட்சை மது, அமெரிக்கத் தலைவர் தாமஸ் ஜெபர்சனுக்கு உரியதாயிருந்தது என்றனர். கண்ணாடியில் பொறித்த அவர் பெயரின் முதலெழுத்துகளே சான்று! வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் அதனைக் காட்சிக்கு வைத்தனர். விளக்குச் சூட்டில் தக்கை சுருங்கி மதுவினுள் விழுந்தது. அவ்வளவே அதன் பயன்.

அவ்வகைப் புட்டிகள் நான்கினை 1988இல் கோக் என்னும் செல்வர் வாங்கினார். பின்னர் அவர் ஆராய்வித்தபோது, எழுத்துகள் மின்கருவியால் பொறிக்கப்பட்டவை என வல்லுநர் கண்டனர். ருடி குர்னியவான் என்பவர் வீட்டிலேயே மதுக்களைக் கலந்து, பழைய பெயர்ச்சீட்டு ஒட்டி ஏலத்துக்கு அனுப்பினார். போன்சோ குடும்பத்தார் 1980களுக்கு முன் செய்தேயிராத ஒரு மது, 1945ஆம் ஆண்டினதென்று அவர் கையிலிருந்து வந்தது. 2014இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை. சுவைப்பார் இல்லாத பொருளில் பொய் நெடுநாள் வாழும். இத்தனைக்குப் பின்னும் 2018இல் நியூயார்க் ஏலமொன்றில் ஒரு புட்டி 558,000 டாலர் பெற்றது.

அரிய மதுவைச் சங்க காலத்தார் அறியாதவரல்லர். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் யவனச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மூத்து முதிர்ந்த மதுவின் அருமையும் அவர்க்குத் தெரியும். பாரியின் நாட்டைக் கபிலர் பாடும் 120ஆம் பாட்டில், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் வருகிறது. தோண்டியெடுத்த அது எங்கே செல்கிறது? புல்வேய்ந்த குடிசைதோறும் செல்கிறது. ஏல நிலையத்தார் வியந்து போற்றும் முதிர்ச்சி இங்கும் உண்டு. ஆனால் அது பங்கீட்டுக்காகக் காத்திருந்த முதிர்ச்சி. 235ஆம் பாட்டில் ஔவையார் இறந்த அதியமானை நினைந்து அழும்போது, முதற்கண் நினைப்பதும் கள்ளின் பங்கீட்டையே. சிறிதாயின் அவன் அதனைப் பாணர் புலவர்க்கே தந்துவிடுவான். மிகுதியாயின் அவர் உண்டு பாட, எஞ்சியதைத் தான் உண்டு மகிழ்வான். ஈண்டு அளவு குறையுந்தோறும் கொடை மிகுகின்றது. ஏலத்திலோ அளவு குறையுந்தோறும் விலை மிகுகின்றது.

நன்மாறனை நக்கீரர் பாடிய 56ஆம் பாட்டு இவ்விரண்டினும் செல்வச் செழிப்புடையது. யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அரசன் நாளும் மகிழ்கிறான். ஆடம்பரம் இதில் இல்லையென்று வாதிடுவது வீண். ஆனால் சொல்முறை நோக்கற்பாலது. இரப்பவர்க்கு அருங்கலங்களைக் குறைவின்றி ஈந்து, அதன்பின் தேறல் என்று அமைக்கிறார் புலவர். யவன வாணிகத்துக்குச் சான்றாக மட்டும் இப்பாட்டை எடுத்தாளும் கட்டுரைகளில், தேறலுக்கு முன் நிற்கும் அவ்வீகையடி பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.