கோகலின் மேல்கோட்டு: தேவையா, ஆசையா, பிரியமா?

'மருந்து வேணும்', 'புது போன் வேணும்'. இரண்டுக்கும் நாம் ஒரே 'வேணும்'தான் போடுகிறோம். எது தேவை, எது ஆசை என்பதைக் கேட்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியோடு நிக்கோலாய் கோகலின் 'மேல்கோட்டு' (1842) கதையை மறுபடி படித்தேன். காலேஜ் நாட்களில் 'ஏழை குமாஸ்தா, பாவம்' என்று மூடி வைத்த கதை. அந்த வாசிப்பு பாதிதான் சரி என்று இப்போது படுகிறது.

பீட்டர்ஸ்பர்க்கில் அக்காக்கி அக்காக்கியெவிச் என்ற குமாஸ்தா. சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 400 ரூபிள். பழைய கோட்டு முதுகிலும் தோளிலும் நைந்துவிட்டது. இனி ஒட்டுப்போட முடியாது என்கிறார் தையல்காரர் பெத்ரோவிச். அந்த ஊர்க் குளிருக்குக் கோட்டு தேவை. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் 80 ரூபிள் சேர்க்க அவர் ராத்திரி டீயை விடுகிறார், மெழுகுவர்த்தியை விடுகிறார். அப்போது தேவை வேறொன்றாக மாறுகிறது. காலருக்கு மார்ட்டன் என்ற விலங்கின் விலை உயர்ந்த மென்மயிர் வைத்தால் என்ன என்றுகூட நினைக்கிறார். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஆசை. (கடைசியில் வைத்தது பூனை மயிர்தான்.)

கோட்டின் நினைப்பே அவருக்கு வாழ்க்கைத் துணைபோல ஆகிவிட்டது என்கிறார் கோகல். அதனால் பலர் இதைக் கோட்டின் மீதான காதல் கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு இங்கேதான் மாற்றுக் கருத்து.

அக்காக்கிக்கு ஏற்கெனவே ஒரு பிரியம் இருந்தது: காகிதங்களை நகல் எடுப்பது. பிடித்த எழுத்து வந்தால் தானாகச் சிரிப்பார், கண் சிமிட்டுவார். ஆபீஸ் முடிந்தும் தன் சந்தோஷத்துக்காக வீட்டில் உட்கார்ந்து எழுதுவார். அதற்கு யார் பாராட்டும் தேவைப்படவில்லை. எந்தத் திருடனாலும் அதைப் பிடுங்க முடியாது.

இப்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மார்ட்டன் காலரை நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை நகலில் தப்பு செய்யப் பார்க்கிறார். புதுக் கோட்டு வந்த அன்று சாப்பிட்டபின் ஒரு வரிகூட எழுதவில்லை, கட்டிலில் சாய்ந்துவிடுகிறார். அன்று ராத்திரியே விருந்து முடிந்து திரும்பும் வழியில் கோட்டு பறிபோகிறது. என் கணக்கில் முதல் இழப்பு அதற்குச் சில மணி நேரம் முன்பே நடந்துவிட்டது.

தேவை கிடைத்ததும் அடங்கும். ஆசை கிடைத்ததும் இடம் மாறும். பிரியத்துக்குக் கிடைப்பது என்ற கட்டமே இல்லை, செய்துகொண்டே இருப்பதுதான். கோகலைக் குறை சொல்லவில்லை, வறுமையும் அதிகாரத்தின் திமிரும் கதையில் நிஜம்தான். ஆனால் அந்த எழுதாத சாயங்காலத்தை விட்டுவிட்டுப் படித்தால் பாதிக் கதை போய்விடும்.

போன மாதம் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் விமர்சனம் படித்து, விலை ஒப்பிட்டு வாங்கியது. அந்த மூன்று வாரத்தில் எனக்காக ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை என்பது இந்தக் கதையைப் படித்த பிறகுதான் உறைத்தது.