தூத்துக்குடி வெயிலில் மீட்டரை நிறுத்துவது எப்படி?

இப்போது வரும் பல கார்களில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. சூடு எல்லை மீறிய பிறகு ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏசி போட்டபடி ஊர்ந்து போகிறவர்களுக்கு அந்த விளக்கு போதாது. அதனால் என் பழைய டீசல் காரில் கூலன்ட் சூட்டுக்கு ஒன்று, பேட்டரி வோல்டேஜுக்கு ஒன்று என இரண்டு மீட்டர்களைப் பொருத்தினேன். இரண்டும் 52 மில்லிமீட்டர் அளவு. உலகம் முழுக்கப் புழங்கும் அளவு என்பதால் மாற்று மீட்டருக்குத் திண்டாட வேண்டியதில்லை. ஓட்டத்தில் சூடு 80 டிகிரிக்கும் 95-க்கும் நடுவில், சார்ஜ் 14 வோல்ட்டை ஒட்டி. திருச்செந்தூர் போனாலும் வேம்பார் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் மீட்டர்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவதுதான் நம் ஊரில் பெரும்பாடு.

முதல் எதிரி வெயில். அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். டேஷ்போர்டின் சராசரிச் சூடு ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸ். ஆன்லைனில் விற்கும் அழகான மீட்டர் கூடுகள் பல, பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்டரில் அடித்தவை. பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சோதித்துப் பார்க்கவென்றே அப்படி ஒரு கூட்டை டேஷ்போர்டில் வைத்து, முத்துநகர் கடற்கரையில் மதிய வெயிலில் காரை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது மீட்டரின் எடை தாங்காமல் வாய்ப்பகுதி முன்னால் சரிந்து, வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். விற்பவரிடம் எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

சக்‌ஷன் கப் ஸ்டாண்டு இந்த ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது டபுள் டேப். 3எம் நிறுவனத்தின் விஹெச்பி டேப் நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் ஒட்டிய 20 நிமிடத்தில் அதன் பிடிப்பு பாதிதான் வரும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். கடையில் ஒட்டிய கையோடு மீட்டரை மாட்டி, மேடுபள்ளத்தில் ஓட்டினால் டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக டேஷ்போர்டில் பூசுகிறார்களே, அந்த சிலிக்கான் பாலிஷ். அதன் மேல் எந்த டேப்பும் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணி வழுக்காமல் இழுபடும்வரை துடைக்க வேண்டும். டேஷ்போர்டு பாலிபுரொப்பிலீன் வகை என்றால் ப்ரைமரும் அவசியம்.

இவ்வளவு செய்தாலும் டேப்பை மட்டும் நான் நம்பமாட்டேன். விசைப்படகின் வீல்ஹவுஸில் மீட்டர்களைப் பாருங்கள். பலகையில் துளையிட்டு, பின்னால் பிராக்கெட் வைத்து நட்டு முடுக்கியிருப்பார்கள். கடற்கரையில் ஓடும் காருக்கும் அதுவே சரி. கண்ணாடி ஓரத்துப் பில்லரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, மேஜையில் வைத்துத் துளையிட்டு, கூட்டைப் பின்பக்கமிருந்து சின்ன ஸ்குரூக்களால் முடுக்கினேன். விளிம்பில் மட்டும் டேப். வண்டியில் மாட்டியபடியே துளையிட்டால் உள்ளே போகும் வயரைக் கிழித்துவிடும். ஸ்குரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். சாதாரண ஸ்குரூ உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பிளாஸ்டிக்கில் கறை இறக்கும். உறைக்கும் கூட்டுக்கும் நடுவில் வெல்வெட் பட்டை வைத்ததில் கடகட சத்தமும் இல்லை.

பில்லருக்குப் போகும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உறையின் மேல் ஏர்பேக் என்று பொறித்திருந்தால் அங்கே கையே வைக்காதீர்கள். கர்ட்டன் ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரியும். வழியில் இருக்கும் மீட்டர் நேராக ஓட்டுபவர் முகத்துக்குத்தான் வரும். இடப்பக்க இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்டும் அப்படித்தான். முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமான பிறகு வந்த கார்களில் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். ஸ்டீயரிங்குக்கும் நடு ஏசி வென்ட்டுக்கும் இடையிலுள்ள திட்டில், சாலையை மறைக்காத உயரத்தில் சிறு கூடு வைக்கலாம். என் காரில் பில்லர் ஏர்பேக் இல்லாததால்தான் நான் பில்லருக்குப் போனேன்.

வயரிங்கில் எர்த்தான் உயிர்நாடி. உப்பளக் காற்று பட்டுச் செம்பு பச்சை பூத்தால் வோல்ட் மீட்டர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கவைக்கும் கோளாறு இது. எலக்ட்ரீஷியனிடம், பெயின்டைச் சுரண்டி, ரிங் டெர்மினலை ஸ்டார் வாஷரோடு முடுக்கி, மேலே வாசலின் தடவச் சொல்லுங்கள். சப்ளையைத் தனிப் பியூஸ் வழியாக எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீரியோ வயரில் முறுக்கி ஒட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிச்ச வயரைப் பார்க் லைட்டோடு சேர்த்தால் இரவில் கண் கூசாது.

ஏர்பேக் இல்லாத இடம், ஏபிஎஸ் கூடு, பின்னாலிருந்து ஸ்குரூ: இந்த மூன்றும் அமைந்தால் தாராளமாகப் பொருத்தலாம். ஒன்று குறைந்தாலும் ஓபிடி சாக்கெட்டில் செருகி மொபைலில் சூடு பார்க்கும் கருவியே போதும்.