ரீசார்ஜ் கேட்காத வானம்

மொட்டைமாடியில் பழைய டிடிஹெச் டிஷ் ஒன்று சும்மா நிற்கிறதா? தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினால் முடங்குவது வீட்டுக்குள் இருக்கும் நிறுவனத்தின் பெட்டிதான். வெளியே வெயிலில் நிற்கும் டிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. வானத்திலிருந்து வரும் அலையை இன்றைக்கும் அது வாங்கி தட்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் கம்பியின் நுனியில் உள்ள எல்என்பி என்ற சின்னக் கருவியின் வாயில் குவித்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்த டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி, ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும் ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்றை மாட்டினால் போதும். மாதக் கட்டணம் என்ற பேச்சே இல்லாமல் டிவி பார்க்கலாம். தஞ்சாவூரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் நானே ஏறி இதைச் செய்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபி குடிப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய் டிஷ் இருக்கிறதா என்று பார்க்கும் ஆளாகிவிட்டேன்.

தூர்தர்ஷனின் இலவசச் சேவை 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. இன்றைக்கு அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். நாடு முழுக்க நாலு கோடிக்கும் அதிகமான வீடுகளில் இது ஓடுவதாகத் துறை மதிப்பீடுகள் சொல்கின்றன. வட இந்தியக் கிராமங்களில் இதைத் தெரியாதவர் இல்லை. நம் பக்கத்திலோ, ‘அப்படி ஒன்று இருக்கிறதா, நிஜமாகவே காசு கேட்க மாட்டார்களா’ என்று சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள். நிஜமாகவே கேட்க மாட்டார்கள். இடம் பிடிக்க விரும்பும் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஏலத்தில் பணம் கட்டுகின்றன. அதனால் பார்க்கிற நமக்குச் செலவில்லை.

இதற்கெல்லாம் அலையை இறக்கித் தருவது ஜிசாட்-15. 2015 நவம்பரில், பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போன செயற்கைக்கோள். எடை 3,164 கிலோ. 24 கேயூ பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களைத் தாங்கி நிற்கிறது. விமானங்களுக்கு வழி சொல்லும் ககன் கருவியும் அதில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 பாகையில் அசையாமல் நிற்பதுபோல் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. நம் விண்வெளி விஞ்ஞானிகள் உருவாக்கிய ஒன்றை, நம் வீட்டு மாடியில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு குறிபார்க்க முடிகிறதே, இதைவிட என்ன வேண்டும்?

குறிபார்ப்பதுதான் இந்த வேலையின் முழுச் சுகமும். தஞ்சாவூரில் நின்று பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள் வடக்கிலிருந்து 126 பாகையில், நம் வழக்கில் சொன்னால் அக்னி மூலையில், தரையிலிருந்து 69 பாகை உயரத்தில் இருக்கிறது. சென்னையில் அதே கோள் 134 பாகையில் தெரியும், கன்னியாகுமரியில் 116. தெற்கே போகப் போக டிஷ் கிழக்குப் பக்கம் திரும்பும். 69 பாகை என்றால் கிட்டத்தட்ட உச்சி. ஆனால் நம் வீடுகளில் இருப்பது ஆஃப்செட் டிஷ். அது பார்க்கிற திசையைவிட இருபது, இருபத்தைந்து பாகை குனிந்தாற்போல் நிற்கும் வடிவம். அதனால் தட்டு பாதி மல்லாந்த நிலையில் இருந்தாலே குறி சரியாக இருக்கும். டெல்லிக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அதே சாய்வில் வைத்தால் தஞ்சாவூரில் சிக்னல் கிடைக்காது. அங்கே கோள் இன்னும் தாழ்வாகத் தெரியும்.

எங்கள் வீட்டு டிஷ் முன்பு கிழக்கு 83 பாகையில் இருக்கும் வேறொரு கோளைப் பார்த்து நின்றது. அதைக் கிழக்காக முப்பத்து நான்கு பாகை திருப்பி, எட்டு பாகை தாழ்த்த வேண்டியிருந்தது. செல்போனில் இருக்கும் திசைகாட்டியே போதும். ஆனால் அதை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரும்பு ஊசியை இழுத்துவிடும். உங்கள் வீட்டில் இருப்பது சன் டைரக்ட் டிஷ் என்றால் வேலை இன்னும் சுலபம். அந்தச் சேவை 91.5, 93.5 ஆகிய இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. 95 பாகையில் இருக்கும் டிஷ் டிவியும் பக்கத்துத் தெரு மாதிரிதான். சித்தப்பா வீட்டில் இருந்த அப்படிப்பட்ட ஒரு டிஷ்ஷில், விளிம்பு ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை, படம் வந்துவிட்டது. தமிழ்நாட்டு மாடிகளில் இப்படி எத்தனை டிஷ்கள் கிட்டத்தட்ட சரியான திசையைப் பார்த்தபடியே பயனில்லாமல் நிற்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் எல்என்பி. தட்டைத் திருப்புவார்கள், சாய்ப்பார்கள், எல்என்பியைத் தொடமாட்டார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தத் திருகல்தான் முக்கியம். வானத்திலிருந்து வரும் அலை நிமிர்ந்து வருவதில்லை. நம் ஊரிலிருந்து பார்க்கும்போது சரிந்து வருகிறது. தஞ்சாவூரில் அந்தச் சரிவு ஐம்பது பாகைக்கும் மேல். சென்னையில் நாற்பத்தைந்தை ஒட்டி. 83 பாகைக் கோளுக்கோ இருபதுதான். ஆக, டிஷ்ஷைத் திருப்பிய கையோடு எல்என்பியின் கிளாம்பைத் தளர்த்தி அதையும் முப்பது பாகைக்குமேல் திருக வேண்டும். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம். சிக்னல் கிடைத்த பிறகு இரண்டு பக்கமும் மெல்லத் திருகிப் பாருங்கள், குவாலிட்டி எண் தானே வழிகாட்டும். எல்என்பி யுனிவர்சல் வகையாக இருந்தால், அதாவது அதன் மேல் 9750, 10600 என்று அச்சிட்டிருந்தால், அதையே வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்ன எல்என்பிக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. மேலிருந்து 11090 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையை வயரில் அப்படியே இறக்க முடியாது, வழியிலேயே கரைந்துபோகும். எல்என்பி அதிலிருந்து 9750-ஐக் கழித்து 1340 ஆக்கி அனுப்புகிறது. அது வேலை செய்யத் தேவையான மின்சாரமோ அதே வயர் வழியாகத்தான் கீழேயிருந்து மேலே ஏறுகிறது. 13 வோல்ட் வந்தால் செங்குத்து அலையை எடு, 18 வோல்ட் வந்தால் கிடை அலையை எடு என்பது பெட்டி சொல்லும் கட்டளை. ஒற்றை வயரில் மின்சாரம் ஏறுகிறது, உத்தரவு ஏறுகிறது, படம் இறங்குகிறது! இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் மனதார ஒரு கும்பிடு போட்டேன்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 11090, வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். டிவிக்கு முன்னால் அக்கா மகன். செல்போன் லவுட் ஸ்பீக்கரில்.

“மாமா, ஸ்ட்ரெங்த் எண்பது காட்டுது!”

“அதைப் பார்க்காதடா. குவாலிட்டி சொல்லு.”

“குவாலிட்டி சைபர்.”

ஸ்ட்ரெங்த் என்பது எல்என்பிக்கு உயிர் இருக்கிறது, வயர் அறுந்துபோகவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. டிஷ் வெறும் ஆகாயத்தைப் பார்த்தாலும் அது எண்பது காட்டும். சரியான கோளைப் பிடித்தால்தான் குவாலிட்டி உயிர் பெறும். தட்டை அரை அங்குலம் நகர்த்திவிட்டு மூச்சு விடும் நேரம் காத்திருக்க வேண்டும்; பெட்டி யோசித்துத்தான் சொல்லும். நகர்த்தினேன், நின்றேன், நகர்த்தினேன்.

“மாமா, பத்து... முப்பது... மாமா அறுபது! ஐயோ போச்சு, பழைய இடத்துக்கே வாங்க!”

வந்தேன். போல்ட்டை முடுக்கினேன். முடுக்கும்போதும் தட்டு கொஞ்சம் நகரும், அதனால் இரண்டு பக்கத்து நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். கீழேயிருந்து அம்மாவின் குரல், “தம்பி, படம் வந்துருச்சுப்பா, இறங்கி வா, வெயில் ஏறுது.” ராக்கெட் ஏவுதளத்தில் கைதட்டுவார்களே, அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததாகவே உணர்ந்தேன்.

தென்னை மரம் உள்ள வீடுகளில் எல்லாருக்கும் ஒரு கவலை: மட்டை மறைக்குமா? அதற்குச் சூரியனே பதில் சொல்லும். மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், காலை பதினொரு மணியை ஒட்டி, சூரியன் நம் பார்வைக்கு இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் டிஷ் மேல் வெயில் தடையில்லாமல் விழுந்தால் சிக்னலும் தடையில்லாமல் வரும். மட்டையின் நிழல் விழுந்தால் இடம் மாற்றுங்கள். அந்த நாட்களில் சில நிமிடம் படம் தடுமாறுவதும் இதனால்தான், பெட்டி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போதும் படம் நிற்கும். மழை விட்டால் வந்துவிடும். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

சரி, என்ன பார்க்கலாம்? எங்கள் வீட்டில் முதல் இடம் டிவிக்கு இல்லை, ரேடியோவுக்கு! ஃப்ரீ டிஷ் பெட்டியில் ஆகாசவாணியின் வானொலிச் சேனல்கள் வரிசையாக வருகின்றன. அதில் ‘ராகம்’ என்று ஒன்று, 2016 ஜனவரியில் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் கர்நாடக, இந்துஸ்தானி சங்கீதம். அப்பா விடியற்காலையில் டிவியைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். கரகரப்பு இல்லை, அலை விலகுவதில்லை. திருவையாறு எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் முழங்கால் வலியோடு காவிரிக்கரை ஆராதனைப் பந்தலில் உட்கார முடியாத அவருக்கு, நாள் முழுக்க வீட்டுக் கூடத்தில் கச்சேரி கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே மாடி ஏறியிருப்பேன்.

அடுத்து கிரிக்கெட். தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் சிக்னலைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிடிஹெச்சுக்கும் மட்டுமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே காசு கட்டும் இணைப்பில் உள்ள தூர்தர்ஷன் சேனலில் கிடைக்காத ஆட்டம், காசு கட்டாத ஃப்ரீ டிஷ்ஷில் வரும். அக்கா மகன் இதைக் கேட்டதும் குதித்த குதி இருக்கிறதே!

அவனுக்கு இன்னொரு புதையலும் இருக்கிறது. 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களும் இதே ஜிசாட்-15 வழியாகத்தான் வருகின்றன. தினமும் நாலு மணி நேரம் புதுப் பாடம்; அதையே அன்றைக்கு இன்னும் ஐந்து முறை போடுவார்கள். காலையில் தவறவிட்டவன் ராத்திரி பார்க்கலாம். பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு ஐஐடி பேராசிரியர்கள் இயற்பியலும் கணக்கும் நடத்துகிறார்கள். இன்டர்நெட் டேட்டா தீரும் கவலை இல்லாமல்!

நம்முடைய பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ், அழகாக வருகிறது. உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்களே அதிகம். சன், விஜய் சீரியல்களை இதில் தேடாதீர்கள். மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சீரியலே உலகம் என்று இருக்கும் வீட்டுக்கு இது மாற்றாகாது. இரண்டாவது டிவிக்கு, வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு, மாதாமாதம் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு, செய்தியும் பாட்டும் ஆட்டமும் போதும் என்கிற பெரியவர்களுக்கு இதைப்போல் வேறொன்று கிடையாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி, அரசு இலவசமாகக் கொடுத்த பழைய கலர் டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் இருந்ததால் அந்த டிவியிலும் படம் வந்தது. “இதுக்கு மாசம் எவ்வளவு தம்பி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் இல்லை பாட்டி என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குத்தான் சந்தோஷம்.

மாடி ஏறும் முன் சில விஷயங்கள். டிஷ் உங்களுடையதுதானா, நிறுவனம் வாடகைக்குக் கொடுத்ததா என்று பழைய ரசீதைப் பாருங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டுவையுங்கள். வயர் நுனியில் பச்சை பூத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது எஃப் கனெக்டர் போடுங்கள், சில ரூபாய்தான் ஆகும். மேலே ஏறும்போது துணைக்கு ஆள் இல்லாமல் ஏறாதீர்கள். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 பெட்டி கொஞ்சம் மலிவு, ஆனால் எம்பெக்-4 சேனல்கள் அதில் வராது. எம்பெக்-4 பெட்டியில் இரண்டு வகையும் வரும்.