பாலத்தில் ஒரு திண்ணை!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு பாலத்தின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. சிங்கப்பூர் போய் வந்ததிலிருந்து வீட்டில், டீக்கடையில், பவுர்ணமி கிரிவலத்தில் உடன் நடக்கிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட அதே பேச்சுத்தான். திருவண்ணாமலைக்காரனுக்கு நடை புதிதா என்ன? 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருவதையே வழிபாடாக வைத்திருக்கிற ஊர் இது. ஆனாலும் ஹெண்டர்சன் வேவ்ஸ் என்கிற அந்த நடைபாலம் என்னை அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டது!

நீங்களும் கூடவே வாங்க. ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, மராங் பாதையில் படியேறி, மவுண்ட் ஃபேபர் குன்றுக்குப் போகிறோம். கொஞ்சம் மூச்சு வாங்கும், அதனால் என்ன, எங்கள் மலையில் கந்தாசிரமம் ஏறின காலுக்கு இதெல்லாம் ஒரு ஏற்றமா? மேலே மரநிழலில் நடந்துகொண்டே இருக்கிறோம், சட்டென்று காடு விலகுகிறது, எதிரே மரப்பலகையால் செய்த ஒரு பேரலை எழும்பி நிற்கிறது! 274 மீட்டர் நீளம். கீழே 36 மீட்டர் ஆழத்தில் ஹெண்டர்சன் சாலையில் வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் பக்கம் தெலுக் பிளாங்கா குன்று. நடுவில் சாலை புகுந்ததால் பிரிந்து கிடந்த இரண்டு பசுமைகளை 2008-இல் கைகோக்க வைத்துவிட்டது இந்தப் பாலம். நாம் நடப்பது தரையில் இல்லை, மரங்களின் உச்சிக்குச் சமமாக! நிமிர்ந்தே பார்த்துப் பழகின இலைக்கொத்தெல்லாம் தோளுக்குப் பக்கத்தில் அசைகிறது. வாய்விட்டு ‘அடடா’ என்று சொன்னேன், பக்கத்தில் போனவர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டுமே!

இன்னும் கேளுங்க. லண்டனின் ஐஜேபி நிறுவனமும் சிங்கப்பூரின் ஆர்எஸ்பி கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து வரைந்தது இது. வளைந்த ஏழு இரும்பு விலாக்கள். ஒன்று தளத்துக்கு மேலே எழும்பினால் அடுத்தது கீழே குனிகிறது, மறுபடி ஒன்று எழும்புகிறது. மேலே எழும்புகிற இடத்தில்தான் மாயம்! அந்த வளைவு அப்படியே குடையாகக் கவிந்து, உள்ளே உட்கார, சாய, காலை நீட்ட இடம் கொடுக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் பழைய வீட்டுத் திண்ணையேதான், அந்தரத்தில் தொங்குகிற திண்ணை! பலாவ் மரப்பலகை, கை வைத்தால் இளஞ்சூடு. உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனசே வரவில்லை. துறைமுகப் பக்கமிருந்து காற்று, தூரத்தில் கப்பல்கள், ஒரு திண்ணையில் சீனத் தாத்தா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இளைப்பாறுகிறார், அடுத்ததில் மலாய்ப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், அதற்கடுத்ததில் ஒரு பாட்டி பேத்திக்குத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே தலை பின்னுகிறார், யாரும் யாரையும் ‘நகருங்க’ என்று விரட்டவில்லை, யாருக்கும் எங்கேயும் போக அவசரமில்லை, கடந்து போகக் கட்டின பாலத்தில் ஓர் ஊரே குடியிருக்கிறது!

உச்சி வெயிலில் போனால் சுடும், அவ்வளவுதான் குறை, சாயங்காலம் போங்க. 7 மணிக்கு வளைவுகளுக்கு அடியில் விளக்கு எரியும்போது அந்த அலை பொன்னாக மாறுகிறது. வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைத் தாண்டி இன்னும் நடந்தால் வனநடை என்கிற உயரப் பாதை வருகிறது. சல்லடை போன்ற இரும்புத் தளம், மழையும் வெயிலும் அதன் வழியாகவே இறங்கிக் கீழே இருக்கிற செடிகளுக்குப் போய்ச் சேரும். மனுஷனுக்குப் பாதை போட்டபோது செடியின் தாகத்தையும் நினைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது! சரிவும் மென்மையானது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் காட்டுக்கு நடுவே போகலாம்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு நம்ம ஊரை நினைங்க. செங்கம் சாலை, ரமணாசிரமத்துக்குப் பக்கம். பஸ், லாரி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் நடுவே பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிறார்கள். அங்கே ஒரு பாலம்! படி இல்லாமல் சரிவாக எழும்பி, வேம்பும் புங்கையும் தோளை உரச, சாலையைத் தாண்டி, மலைப் பக்கம் இறங்குகிறது. கைப்பிடியெல்லாம் சங்குப்பூவும் முல்லையும். மழைத்தண்ணீர் வடிந்து தொட்டிகளுக்குப் போகிறது. நடுவில் வரிசையாகத் திண்ணைகள், எல்லாம் மலையைப் பார்த்து! காலையில் பூக்கட்டுகிறவர்கள், மத்தியானம் பாடம் படிக்கிற பிள்ளைகள், ராத்திரி கிரிவலம் போய்க் கால் கடுக்கிறவர்கள், கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் பாலமே ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று முழங்கினால் எப்படியிருக்கும், சொல்லுங்க, உடம்பு சிலிர்க்கவில்லையா!

இது நமக்கு அந்நியமான யோசனையும் இல்லை. கிரிவலப் பாதை நெடுக மண்டபம் கட்டி, குளம் வெட்டி வைத்தவர்களுக்கு, நடக்கிறவருக்கு உட்காரவும் ஓரிடம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த மண்டபத்தைச் சாலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்! கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகளே, பொறியாளர்களே, மாநகராட்சியில் இருக்கிறவர்களே, பென்சிலை எடுத்துக்கொண்டு வாங்க, இடத்தை நான் காட்டுகிறேன்!