எழுத்தாற்றல் கற்றுப் பெறத்தக்கதா?
அரபு உரைநடை மரபு தரும் விடை

எழுத்தாற்றல் பிறவியிலேயே அமையும் அருட்கொடையா, அல்லது தச்சையும் தையலையும் போலப் பயின்று அடையத்தக்க தொழிற்றிறனா என்னும் வினா மிகப் பழமையானது. நமது சூழலில் இதற்கு இரு விடைகள் வழங்கி வருகின்றன. எழுத்து அல்லாஹ் சிலருக்கு மட்டும் அளிக்கும் கொடை. அது வாய்க்காதவர் முயன்று பயனில்லை என்பது ஒன்று. விதிகளைத் தெரிந்துகொண்டால் எவரும் சில நாட்களிலேயே நன்கு எழுதிவிடலாம் என்பது மற்றொன்று. முன்னது சோம்பலுக்குச் சமயப் போர்வை போர்த்துகிறது. பின்னது எழுத்தை மிக மலிவாக்குகிறது. அரபு உரைநடை உருவான உமையாக்களின் இறுதிக் காலம் தொட்டு இப்னு கல்தூன் வரையிலான ஆறு நூற்றாண்டுகளில் இவ்வினா எவ்வாறு ஆராயப்பட்டது என்பதை நோக்கின், இவ்விரண்டிலும் ஆழமான மூன்றாவது விடையொன்று புலப்படும். அதனை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

முதலில் ஒரு கருத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எல்லா ஆற்றலும் இறைவனிடமிருந்தே வருகிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. ஆயின், அது எவ்வழியாக வருகிறது என்பதே வினா. முதன்முதலில் அருளப்பெற்ற அல்அலக் அத்தியாயத்தின் வசனங்கள் எழுதுகோலையும் கற்பித்தலையும் இணைத்தே பேசுகின்றன. அர்ரஹ்மான் அத்தியாயம் ‘பயானை’ மனிதனுக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆகவே, கொடை என்பதும் கற்றல் என்பதும் அல்குர்ஆனின் நோக்கில் முரண்பட்டவை அல்ல. நம்மிடையே ‘பயான்’ என்ற சொல் பள்ளிவாசல் உரை என்னும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. ஹிஜ்ரி 255 (கி.பி. 869)இல் மறைந்த அல்ஜாஹிழோ, தமது ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில், கருத்தைப் புலப்படுத்தும் வழிகளைச் சொல், சைகை, விரல் எண்ணிக்கை, எழுத்து, பொருள்களின் நிலை என ஐந்தாக வகுத்தார். எழுத்து அவற்றுள் ஒன்று.

எழுத்தர்களின் தொழில்

அரபு உரைநடையின் முன்னோடிகளாகப் போற்றப்படுவோர் இருவர். ஒருவர், கடைசி உமையா கலீஃபா இரண்டாம் மர்வானின் செயலாளராக இருந்து ஹிஜ்ரி 132 (கி.பி. 750)இல் மறைந்த அப்துல் ஹமீத் அல்காத்திப். மற்றவர், ‘கலீலா வதிம்னா’வை அரபுக்குக் கொண்டுவந்த இப்னுல் முகஃப்ஃபஃ. இவ்விருவரும் அரபுக் குலத்தில் தோன்றியவர்கள் அல்லர், முன்னவர் மவாலிகளைச் சேர்ந்தவர், பின்னவர் பாரசீகர். பாலைவனக் கோத்திரங்களில் பிறந்து தாய்ப்பாலுடன் மொழியைப் பருகியவரே நாவலர் என்று நம்பிய ஒரு சமுதாயத்தில், அம்மொழியின் உரைநடையைப் பிற இனத்தவர் நிறுவினர். எழுத்தாற்றல் குருதிவழி வருவதன்று என்பதற்கு இதனைவிட வலிய சான்று வேண்டியதில்லை.

அப்துல் ஹமீத் தம் சக எழுத்தர்களுக்கு வரைந்த மடல் புகழ்பெற்றது. இப்னு கல்தூனும் அதனை முகத்திமாவில் முழுமையாக எடுத்தாண்டுள்ளார். அதில் அவர் வகுக்கும் பாடத்திட்டம் நோக்கத்தக்கது. இறைவேதமும் மார்க்கக் கடமைகளும் பற்றிய அறிவில் தொடங்கி, அரபு மொழி, அழகிய கையெழுத்து, கவிதைகள், அவற்றின் அருஞ்சொற்கள், அரபிகளதும் பாரசீகர்களதும் வரலாறு எனச் சென்று, வரிக்கணக்கிற்கு அடிப்படையான எண்கணிதம் வரை அது விரிகிறது. அணியிலக்கண விதி எதுவும் அப்பட்டியலில் இல்லை. தம் நாவன்மைக்குக் காரணம் யாதெனக் கேட்கப்பட்டபோது, அலீ (ரழி) அவர்களின் உரைகளை மனனம் செய்தமையே என அவர் விடையளித்ததாகவும் கூறப்படுகிறது. எழுதுவதற்கு வேண்டிய சரக்கு எழுத்துக்கு வெளியே நிறைந்திருக்கிறது என்பதும், மொழிநடை முன்னோரின் சொல்லில் ஊறுவதால் வருகிறது என்பதும் அவரது கொள்கை எனலாம்.

பிஷ்ரின் ஏடு

இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்ட மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றை அல்ஜாஹிழ் நமக்குப் பேணித் தந்திருக்கிறார். பக்தாதின் முஃதஸிலாச் சிந்தனையாளரான பிஷ்ர் இப்னுல் முஃதமிர் (மறைவு ஹி. 210 / கி.பி. 825), ஒருநாள் இப்ராஹீம் இப்னு ஜபலா என்பவர் இளைஞர்களுக்கு நாவன்மை கற்பித்துக்கொண்டிருந்த இடத்தைக் கடந்து செல்கிறார், நின்று கேட்கிறார். பின், அவர் கூறியதை ஒதுக்கிவிடுமாறு மாணவர்களிடம் சொல்லி, தாம் எழுதிய ஏடொன்றை அவர்களிடம் கொடுக்கிறார். அது படிக்கப்படக் கேட்ட ஆசிரியர் இப்ராஹீம், இவ்விளைஞர்களைவிடத் தமக்கே அது தேவைப்படுகிறது என்று கூறினாராம்.

அவ்வேட்டின் சாரத்தை நாம் இவ்வாறு தொகுக்கலாம். மனம் ஓய்ந்து தெளிந்திருக்கும் ஒரு சிறு பொழுதைத் தேர்ந்துகொள். நாள் முழுதும் வலிந்து உழைப்பதைவிட அது மிகுதியாகத் தரும். கரடுமுரடான சொல்லை நாடாதே. அது சிக்கலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். உயர்ந்த கருத்துக்கு உயர்ந்த சொல்லைத் தேடு. கேட்போரின் தரத்தையும் சூழலையும் அளந்து பேசு. இவ்வளவும் பிற நூல்களிலும் காணக்கூடியவையே. ஏட்டின் தனிச்சிறப்பு அது வகுக்கும் மூன்று நிலைகளில் உள்ளது. சொல் இயல்பாக, எளிதாக, தன் இடத்தில் வந்து அமர்வது முதல் நிலை. அவ்வாறு அமையாவிடின் வலிந்து திணிக்காமல், அன்றைய பகலையும் இரவையும் விட்டுவைத்து, மனம் தெளிந்தபின் மீண்டும் முயல்வது இரண்டாம் நிலை. போதிய ஓய்வும் முயற்சியும் இருந்தும் சொல் வசப்படாது போயின், இத்தொழிலை விட்டுத் தன் மனம் மிக விரும்பும் வேறொன்றிற்குச் செல்வது மூன்றாம் நிலை. எழுதாதவரை எவரும் குறை கூறுவதில்லை. எழுத வராமலேயே எழுதுபவரை அவரினும் தாழ்ந்தோரும் பழிப்பர் என்பது பிஷ்ர் காட்டும் காரணம்.

இயற்கை ஈடுபாட்டை பிஷ்ர் மறுக்கவில்லை. ஆயின், அது ஒருவரிடம் உண்டா இல்லையா என்பதை முயற்சிக்கு முன்னரே எவரும் தீர்ப்பளிக்க இயலாது என்பதே அவ்வேட்டின் உட்கிடை. விலகிச் செல்லும் உரிமை முயன்று பார்த்தவருக்கே உண்டு. அந்த விலகலிலும் இழிவில்லை. நமது கல்விச் சூழலில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. முதற் கட்டுரையிலேயே மாணவனுக்கு எழுத்து வராது என்று முத்திரை குத்திவிடுகிறோம். பிஷ்ர் சொன்ன இரண்டாம் நிலைக்கான அவகாசத்தை நாம் அளிப்பதில்லை.

விதிகள் பெருகிய காலம்

நல்ல எழுத்து ஏன் நல்லதாகிறது என்பதை விளக்க இயலுமா என்ற வினாவை ஹிஜ்ரி 471 (கி.பி. 1078)இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி எடுத்துக்கொண்டார். அழகு தனிச் சொல்லில் இல்லை. இலக்கண உறவுகளின் பொருளறிந்து சொற்களைக் கோக்கும் ‘நழ்ம்’ என்னும் அமைப்பிலேயே அது உள்ளது என்பது ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலின் மையக் கருத்து. அல்குர்ஆனின் ஒப்பற்ற தன்மையை உணர விழைபவர் கவிதையையும் இலக்கணத்தையும் புறக்கணிக்கலாகாது என அவர் வாதிட்டார். நல்லெழுத்தை இனங்காணும் பயிற்சி இதனால் மார்க்க அறிவின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சொற்கள் முன்பின்னாக மாறும்போது பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கவிதை அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் ஆராயும் முறை இன்றும் வியப்பளிப்பது.

ஆயின், பின்வந்தோர் அவரது ஆய்விலிருந்து முடிவுகளை எடுத்துக்கொண்டு வாசிப்பைக் கைவிட்டனர். அஸ்ஸக்காக்கி (மறைவு ஹி. 626 / கி.பி. 1229) ‘மிஃப்தாஹுல் உலூம்’ நூலில் அவற்றை வரையறைகளாகவும் பிரிவுகளாகவும் அடுக்கினார். அல்கஸ்வீனி அதனைச் சுருக்கினார். அச்சுருக்கத்திற்கு அத்தஃப்தாஸானி விரிவுரை எழுதினார். அவரது ‘முக்தஸருல் மஆனி’ இந்தியத் துணைக்கண்டத்து அரபு மத்ரஸாக்கள் பலவற்றில் பாடநூலாயிற்று. அந்நூல் கூர்மையான அறிவுப் பயிற்சி தருவது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதனைத் தேர்ந்து முடித்த ஒருவர் ஒரு நல்ல மடல் எழுத வல்லவராகிறாரா என்பது வேறு வினா.

நெசவாளியின் தறி

அவ்வேறு வினாவிற்கு மிகத் தெளிவான விடை அளித்தவர் இப்னு கல்தூன் (ஹி. 732–808 / கி.பி. 1332–1406). ஹிஜ்ரி 779 (கி.பி. 1377)இல் எழுதிய முகத்திமாவின் இறுதிப் பகுதியில், மொழியைத் தொழில்களைப் போன்றதொரு ‘மலகா’ என்கிறார். பன்முறை செய்வதால் உள்ளத்தில் வேரூன்றும் திறனே மலகா. தையலைப் பற்றி அறிந்த ஒருவர், ஊசியில் நூலைக் கோப்பது முதல் துணியை இணைப்பது வரை அனைத்தையும் விவரிப்பார். தைத்துக் காட்டு என்றால் அவரால் இயலாது. இலக்கண விதிகளை மட்டும் அறிந்தவரின் நிலை இதுவே என்கிறார் அவர். இலக்கணத்தில் பெயர்பெற்றோர் சிலர், தம் சகோதரருக்கு இரண்டு வரி எழுதும்போதும் தவறிழைப்பதையும் எடுத்துக்காட்டுகிறார்.

அவ்வாறாயின் மலகா எவ்வாறு பெறப்படுகிறது? சிறந்தோரின் சொல்லை மிகுதியாக மனனம் செய்வதாலும், பின் அந்நெறியில் தானே புனைந்து பழகுவதாலும். இதனுடன் அவர் சேர்க்கும் நிபந்தனை ஆழமானது. மனனம் செய்ததை மறந்துவிட வேண்டும். சொற்கள் அழிந்தபின் அவற்றின் அமைப்பு உள்ளத்தில் ஒரு தறியைப் போல் நிலைத்திருக்கும். புதிய நூலை அதில் நெய்யலாம். மறவாதவர் பிறர் சொல்லையே மீண்டும் சொல்வார்.

அவர் தம்மையே இக்கொள்கைக்குச் சான்றாக நிறுத்துவது குறிப்பிடத்தக்கது. கவிதை புனைய முனையும்போது தமக்கு அது கடினமாயிருப்பதை, கிரனாடாவின் அமைச்சரும் பெரும் இலக்கியவாதியுமான இப்னுல் கதீபிடம் கூறுகிறார். ஓதல் முறைகள் பற்றிய அஷ்ஷாத்திபியின் செய்யுள்கள், ஃபிக்ஹிலும் உஸூலிலும் இப்னுல் ஹாஜிபின் நூல்கள், தர்க்கவியலில் அல்கூனஜியின் சுருக்கம் ஆகியவற்றை இளமையில் மனனம் செய்ததே காரணமாயிருக்கலாம் என்கிறார். இப்னுல் கதீப் அவ்விளக்கத்தை வியந்து போற்றினார். ஃபகீஹ்களின் நடை ஏன் வறண்டிருக்கிறது என்பதற்கும் இப்னு கல்தூனின் காரணம் இதுவே. குறை அவர்களது பிறவியில் இல்லை. நினைவில் நிரம்பியதன் தன்மையில் உள்ளது.

இக்கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே நூல்களை மனனம் செய்த இருவருள் ஒருவர் சிறப்பதும் மற்றவர் சராசரியாக நிற்பதும் ஏன் என்பதை அது முழுமையாக விளக்காது. அங்கே பிஷ்ர் சொன்ன ஈடுபாடும், அல்ஜுர்ஜானி வலியுறுத்திய சுவையுணர்வும் துணைக்கு வரவேண்டும். ஆயினும், தெளிவாகவும் பிழையின்றியும் உயிர்ப்புடனும் எழுதுதல் என்னும் படிக்கு அக்கொள்கை போதுமானது. நம்மில் பெரும்பாலோர்க்குத் தேவைப்படுவதும் அப்படியே.

நமது சூழலில்

மேற்கூறியவை தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நம்மை நேரடியாகத் தொடுகின்றன. பல ஆண்டுகள் அரபுக் கிரந்தங்களில் மூழ்கி வெளிவரும் ஆலிம் ஒருவர் தமிழில் எழுதும்போது, வாக்கியம் அரபுத் தொடரின் நிழலாக நீண்டு, எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் தவிப்பதைக் காண்கிறோம். அவருக்கு எழுத்து வரவில்லை என்று வாசகர் நூலை மூடிவிடுகின்றனர். அவரது அறிவு சமுதாயத்தைச் சென்றடையாமலே போகிறது. இப்னு கல்தூனின் அளவுகோலின்படி அவரிடம் இல்லாதது திறமை அன்று; தமிழ்த் தறி. அவரது பாடத்திட்டத்தில் நல்ல தமிழ் உரைநடையோ செய்யுளோ ஊறும் அளவிற்கு இடம்பெற்றதில்லை.

உமறுப் புலவரின் வரலாறு இவ்வகையில் படிப்பினை மிக்கது. எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற அவர், நபி (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகளை மார்க்க அறிஞர்களிடம் கேட்டறிந்தே சீறாப்புராணத்தை இயற்றினார் என்பது மரபு. சொல் ஒரு வழியிலும் பொருள் மற்றொரு வழியிலும் அவரை வந்தடைந்தன. அரபு நாட்டையே ஆறும் வயலும் சூழ்ந்த மருத நிலமாக அவர் பாடியதில், தமிழ்க் காப்பிய மரபு அவர் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பது தெரிகிறது. அப்பதிவின்றி ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் பிறந்திரா.

எனவே, எழுத்தாற்றல் கற்றுப் பெறத்தக்கதே. எனினும், விதிகளை ஒப்புவிப்பதால் அது கைமாறுவதில்லை. ஆசிரியர் செய்யக்கூடியது மூன்று. எதனை வாசிப்பது, எதனை நெஞ்சில் பதிப்பது என்று தேர்ந்து தருதல். எழுதியதைப் பார்த்துத் திருத்துதல். மாணவன் மீண்டும் முயல்வதற்கு அவகாசம் அளித்தல். நமது அரபுக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தில் வாரத்திற்குச் சில மணி நேரத்தையேனும் தமிழின் சிறந்த ஆக்கங்களை வாசிப்பதற்கும் எழுதிப் பழகுவதற்கும் ஒதுக்குமாயின், ஒரு தலைமுறைக்குள் மாற்றத்தைக் காணலாம் என நாம் கருதுகிறோம். ஏழாண்டுகள் அரபு இலக்கணத்திற்குச் செலவிடும் பொறுமை நம்மிடம் உண்டு. அதில் ஒரு பங்கு நாம் அன்றாடம் பேசும் மொழிக்கும் உரியது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.