இரட்டைப் பொறுப்பின் எடை: வேலூர் செவிலியர் கல்வியும் ஆசிரியர் நலமும்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரே மருத்துவமனை வார்டின் பராமரிப்புக்கும் பொறுப்பேற்கும் 'இரட்டைப் பொறுப்பு' முறை அதன் தனித்தன்மை.

இம்முறையின் வலிமை எளிதில் மறுக்கத்தக்கதன்று. ஆசிரியர் விருந்தாளியைப் போல வார்டுக்கு வந்துபோகும் இடங்களில், பாடநூல் சொல்லும் முறை ஒன்றாகவும் வார்டில் நடப்பது வேறாகவும் இருக்க, மாணவியர் வேலைக்கு உதவும் கூடுதல் கைகளாக மட்டுமே கருதப்படுவதுண்டு. மாறாக, படுக்கைப் புண் வராமல் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்கும் ஆசிரியரை அருகில் நின்று பார்க்கும் மாணவி, பரிவு என்பது பேச்சன்று, கைப்பழக்கம் என்பதை உணர்கிறாள். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் ஜீன் வாட்சன் 1979-இல் வெளியிட்ட நூலில் விளக்கத் தொடங்கிய பரிவுக் கோட்பாடு, அதாவது நோயாளியை முழு மனிதராக ஏற்கும் உறவே செவிலியப் பணியின் மையம் என்னும் கருத்து, இத்தகைய வார்டில்தான் உயிர்பெறும்.

ஆனால் அதே பரிவை மாணவியரிடமும் காட்டவேண்டிய சுமை ஆசிரியரின் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்திலிருந்தோ, ஆம்பூரின் தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்தோ, தமிழ்வழியில் பயின்று, வீட்டின் முதல் பட்டதாரியாகச் செவிலியம் கற்க வரும் பெண்ணுக்கு, ஆங்கிலப் பாடத்தை எளிதாக்குபவரும், முதல் மரணத்தைக் கண்டு கலங்கிய மாலையில் உடனிருப்பவரும் ஆசிரியரே. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்னும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விகிதம் தலைகளை எண்ணுகிறதே தவிர, அந்த ஒருவர் வார்டையும் சேர்த்துச் சுமக்கிறாரா என்று கேட்பதில்லை. வார்டின் அவசரம் காத்திருக்காது. விடைத்தாள் காத்திருக்கும், ஆகவே அது இரவில் வீட்டுக்குச் செல்கிறது. அங்கேயும் பேணும் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணான அவ்வாசிரியருடையதுதான்.

இத்தகைய சுமையில் விளையும் பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: உணர்வு வற்றிப்போதல், மனிதரிடமிருந்து விலகி நிற்றல், சாதித்தது ஏதுமில்லை என்னும் எண்ணம். இவற்றுள் இரண்டாவதே செவிலியர் கல்விக்கு மிகக் கொடியது. ஏனெனில் சோர்ந்த ஆசிரியர் நோயாளியைப் பெயரால் அழைக்காமல் படுக்கை எண்ணால் அழைக்கும்போது, அருகில் நிற்கும் மாணவி அதையும் பாடமாகவே கற்றுக்கொள்கிறாள். பரிவைக் கற்பிக்கும் அதே நெருக்கம் அலட்சியத்தையும் கற்பித்துவிடுகிறது.

தாய்மை, தியாகம், ஊழியம் என்னும் சொற்கள் இத்தொழிலுக்குப் பெருமை சேர்த்தாலும், ஓய்வு கேட்பதைக் குற்றமாக உணரவைப்பதும் அவையே. இச்சோர்வுக்குப் பல நிறுவனங்கள் தரும் மருந்து, சனிக்கிழமை யோகா வகுப்பு. அதற்கும் வருகைப் பதிவேடு உண்டு என்பது வேறு கதை. இரட்டைப் பொறுப்பைக் கைவிடுவது தீர்வன்று, கைவிட்டால் வார்டும் வகுப்பும் மீண்டும் பிரிந்துவிடும். வார்டுப் பொறுப்பின் நேரத்தைக் கற்பித்தல் நேரத்திலிருந்து கழிக்கவும், மாணவியருடன் பேசும் நேரத்தைக் கால அட்டவணையில் எழுதவும், அதற்கேற்பக் கூடுதல் ஆசிரியரை நியமிக்கவும் வேண்டும். செலவு பிடிக்கும் ஏற்பாடு என்பதால்தான் இது எப்போதும் யோகா வகுப்புக்குப் பின்னால் நிற்கிறது.