தஆருஃபும் அஸபிய்யாவும்: டூசான் வகுப்பறை பற்றிய ஓர் ஆவணப்படம்

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் 1854 வரை மெக்சிக்கோவுக்குரியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், நிலம் கைமாறிற்று. அந்நகரின் அரசுப் பள்ளிகளில் மெக்சிக்க அமெரிக்கர் வரலாறும் இலக்கியமும் கற்பிக்கப்பட்டதையும், அதைத் தடுக்க எழுந்த முயற்சியையும் காட்டுகிறது, அரி பாலோஸ் இயக்கி 2011இல் வெளிவந்த ‘பிரெஷஸ் நாலெட்ஜ்’ என்னும் ஆவணப்படம்.

மாநிலக் கல்வித்துறைத் தலைவராயிருந்த டாம் ஹார்ன் முன்னின்று வலியுறுத்திய சட்டம் 2010 மே மாதம் கையொப்பமாயிற்று. மாணவரைத் தனிமனிதராகக் கருதாது இன ஒற்றுமையைப் போதிக்கும் பாடமும், ஓர் இனத்தின்மீது வெறுப்பை வளர்க்கும் பாடமும் கூடா என்றது அது. ஒடுக்குமுறை வரலாற்றைக் கற்பிக்கத் தடையில்லை என்றும் அதே சட்டம் சொன்னது ஒரு விந்தை!

இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. தன் கூட்டத்தார் அநீதி செய்யும்போது அவர்களுக்குத் துணைபோவதே அஸபிய்யா என்பது நபிமொழி தரும் விளக்கம். ஆனால் மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதன் நோக்கத்தை இறைமறை (49:13) ‘தஆருஃப்’ என்கிறது. ‘தஃபாஉல்’ வாய்பாட்டில் அமைந்த இச்சொல் இருதரப்பும் பங்குகொள்ளும் செயலைக் குறிக்கும். பாடநூலில் ஒரு சாராருக்குப் பெயரே இல்லையெனில், பரஸ்பரம் அறிதல் எங்ஙனம் நிகழும்? தன் முன்னோரைப் படிப்பது அஸபிய்யா ஆகாது. அவர்களுடைய பிழையையும் நியாயமென்று சாதிப்பதே அஸபிய்யா.

படத்தின் குறையும் இங்கேதான். மாணவரின் கண்ணீரையும் ஊர்வலங்களையும் அது மனங்கொள்ளுமாறு காட்டுகிறது; பாடத்தை அந்த அளவுக்குக் காட்டவில்லை. ரொடோல்ஃபோ அக்கூன்யாவின் ‘ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா’ என்ற நூலின் தலைப்பே விவாதத்துக்குரியது. அதை மறுத்துப் பேசும் மாணவனுக்கு ஆசிரியர் எவ்வாறு விடையளித்தார்? ‘முனாழரா’ மரபில் பயின்ற நமக்கு அதுவே முதன்மையான காட்சியாயிருக்கும்.

மாநில நிதியில் பத்து விழுக்காடு நிறுத்தப்படும் என்ற அச்சுறுத்தலால் 2012 ஜனவரியில் பாடத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கூன்யாவின் நூலும் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் நூலும் உட்பட ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து அகற்றப்பட்டன. இன வெறுப்பே அரசின் நடவடிக்கைக்குக் காரணம் என 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தவர் நீதிபதி வாலஸ் தஷீமா. ஜப்பானிய வமிசத்தவரான அவர், இரண்டாம் உலகப்போரின்போது அதே அரிசோனாவின் போஸ்டன் முகாமில் சிறுவனாக அடைபட்டிருந்தவர். படம் முன்னரே முடிந்துவிட்டதால் இவற்றுக்கு அதில் இடமில்லை.

வழக்கு இப்போது கலிஃபோர்னியாவுக்கு நகர்ந்துள்ளது. அங்கே 2019இல் வந்த முதல் பாடத்திட்ட வரைவில் அரபு அமெரிக்கர் பற்றிய பகுதியும் இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் வரைவு திருத்தப்பட்டது. அவ்விவகாரத்தில் நம் உள்ளம் ஒரு பக்கம் சாய்வது இயல்பு. எனவே டூசானுக்கு வைத்த அதே அளவுகோலை அங்கே இன்னும் கறாராகவே பிடிக்க வேண்டியிருக்கிறது.